கடைக்கும் ஒரு தாய்ப் பத்திரம்

ஜெனோவா நகரத்தின் பழைய சந்துகளுக்குள் சோசீலியா தெருவில் ரொமனெங்கோ குடும்பத்தாரின் மிட்டாய்க் கடை இருக்கிறது. குடும்பம் தொழில் தொடங்கியது 1780இல்; இந்தக் கடை திறந்தது 1814இல். சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்களை நீலத் தாளில் பொதிந்து நூலால் கட்டிக் கொடுப்பது அங்கே வழிவழியாக வரும் பழக்கம். சற்றுத் தள்ளி, கப்ரெத்தாரி சந்தில், நாலைந்து பேர் நின்றாலே நிறைந்துவிடும் ஒரு முடிதிருத்தகம். அதன் சுவரில் 1922இல் பதித்த நிறக் கண்ணாடிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. இத்தாலியின் மரபுச் செல்வ அறக்கட்டளை ஒன்று அதை ஏற்றெடுத்துக் காத்தது. இத்தகைய கடைகளுக்கென்று ஜெனோவா ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. மிலானில் 50 ஆண்டு நிறைந்த கடைக்கு 'வரலாற்றுக் கடை' என்ற தகுதி கிடைக்கும். மேற்கு சிட்னியின் மெரிலேண்ட்ஸ் வீதிக்கு இப்படி ஒரு பெருமையும் கிடைத்ததில்லை. ரயில் நிலையத்திலிருந்து அந்த வீதியில் நடந்தால் லெபனான் இனிப்பும் ஆப்கான் ரொட்டியும் பாரசீகப் பருப்பு வகைகளும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் பெயர்ப் பலகைகளில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்குள் எழுதப்பட்டவை. பழைய கடை என்று காட்ட இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கடையின் வயதைத் தவறான இடத்தில் தேடுவதால் எழும் கேள்வி அது. சுவரையும் வம்சத்தையும் பார்த்துக் கடைக்கு வயது கணிக்க முடியாது. ஒரு கை விட்ட வேலையை இன்னொரு கை ஏந்தித் தொடர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மெரிலேண்ட்ஸ் வீதி ஒரு பழைய கடைத்தெரு. காக்கப்பட வேண்டிய தெருவும்கூட.

முதலில் இத்தாலியையே எடுத்துக்கொள்வோம். ஜெனோவாவின் பெயர்பெற்ற பழைய காப்பிக் கடைகளில் ஒன்று கிளைன்குத்தி. 1828இல் அதைத் தொடங்கியவர்கள் ஜெனோவாக்காரர்கள் அல்லர். சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கிலிருந்து வந்த சகோதரர்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேற வந்து துறைமுகத்திலேயே தங்கிவிட்டவர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ரோமில் கொந்தோத்தி தெருவில் 1760இல் தொடங்கிய காஃபே கிரெக்கோவின் பெயரிலேயே கிரேக்கம் இருக்கிறது. தொடங்கியவர் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். திருநெல்வேலியின் தனி அடையாளமாக நாம் கொண்டாடும் இருட்டுக்கடை அல்வாவைக் கிண்டத் தொடங்கியது ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். 1844இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் இந்தியாவில் இன்றும் நடக்கும் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. ஓர் ஆங்கிலேயர் தொடங்கி, பின்னாளில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கைக்குப் போனது. சென்னையின் ஒவ்வொரு பேட்டையிலும் மளிகை விற்கும் 'அண்ணாச்சி கடை'யின் பெயரே ஓர் ஊர்ப் பயணத்தின் குறிப்பு. அண்ணாச்சி என்பது நெல்லைச் சீமையின் விளி; அங்கிருந்து புறப்பட்டு வந்தவர்கள் கடை வைத்ததால் தலைநகரம் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. உள்ளூர்க் கடை என்று நாம் உருகிப் பேசுகிறவற்றில் எத்தனையோ ஒரு காலத்தில் வெளியூர்க்காரர் கடைகள். ஊர் அவற்றிடம் வாங்கி வாங்கித்தான் அவற்றை உள்ளூர் ஆக்கியது.

இந்த எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் பெருமைகளைச் சொல்லும்போது, வேற்றுமொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே கலந்து இனிதாக வாழ்ந்ததையும் ஒரு பெருமையாகச் சொல்கிறது. இன்று நாம் நம்மைக் குறிக்கப் பயன்படுத்தும் 'புலம்பெயர்' என்ற சொல் அங்கே அந்த அயல்நாட்டு வணிகர்களுக்கு வருகிறது. மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவான நாளங்காடியும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியும் பல திசைப் பண்டங்களோடும் பல திசை மனிதரோடும் விரிகின்றன. அந்தப் புலவர்கள் கண்ட நல்ல கடைத்தெருவுக்கு எல்லாரும் ஒரே ஊர்க்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சரக்கு நாணயமாகவும் அளவு சரியாகவும் இருந்து, வந்தவர் நிலைத்து வாழ இடம் இருந்தால் போதும். மெரிலேண்ட்ஸை அளக்க நமக்கு இத்தாலியிலிருந்து அளவுகோல் கடன் வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே அதைவிடப் பழைய ஒன்று இருக்கிறது.

மெரிலேண்ட்ஸ் நிற்கும் மண் டாருக் மக்களுடையது. அவர்களிடமிருந்து பறிபோன நிலத்தின் மேல்தான் இங்கே எல்லாக் கடைகளும் எழுந்தன என்பதை எந்த வரலாறும் முதலில் சொல்லியாக வேண்டும். 1855இல் இங்கே பெருநிலம் வாங்கியவர் ஆர்தர் டாட் ஹோல்ராய்ட்: மருத்துவம் படித்து, 1830களில் நைல் நதி வழியே சூடான்வரை பயணம் போய், பிறகு வழக்கறிஞராகி நியூ சவுத் வேல்ஸ் வந்தவர். நிலத்தடி வடிகால் குழாயும் ஓடும் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1872இல் அமைந்த பிராஸ்பெக்ட் ஷெர்வுட் நகராட்சிக்கு முதல் தலைவரும் அவரே. 1927இல் அந்த நகராட்சி அவர் பெயரையே ஏற்றது. 2016இல் கம்பர்லேண்ட் நகராட்சிக்குள் கரைந்தது. கிரான்வில்லிலிருந்து லிவர்பூலுக்கு 1856இல் ரயில் ஓடத் தொடங்கியது. மெரிலேண்ட்ஸுக்கு நிலையம் 1878இல் வந்தது. நிலையம் வந்தால் கடை வரும். செங்கல் சூளைகளிலும் சுற்றியிருந்த ஆலைகளிலும் வேலை செய்தவர்கள் வீடு திரும்பும் வழியில் மாவும் தேயிலையும் இறைச்சியும் வாங்க ஒரு தெரு தேவைப்பட்டது. மெரிலேண்ட்ஸ் வீதி அப்படிப் பிறந்த கடைத்தெரு. அழகுக்காக யாரும் அதை வரைபடம் போட்டுக் கட்டவில்லை. வேலைக்காரர்களின் சமையலறைத் தேவை அதை உண்டாக்கியது. அந்தத் தேவை இன்றுவரை மாறவில்லை.

தேவை மாறாமலிருக்க, கல்லாவுக்குப் பின்னால் நின்ற ஆட்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். இந்த மாற்றம் சிட்னி முழுவதற்கும் பொது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய லெபனானிலிருந்து வந்தவர்களும் பஞ்சாபிகளும் தலைச்சுமையாகவும் வண்டியிலும் துணியும் ஊசி நூலும் கொண்டு பண்ணை பண்ணையாகத் திரிந்து விற்றார்கள். 1901இன் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறத்தவர் வரும் வழியை அடைத்தபோது அந்தச் சங்கிலியும் நலிந்தது. 1932இல் கிரேக்கரான மிக் ஆடம்ஸ் சிட்னி மார்ட்டின் பிளேஸில் நாலு பென்னிக்குப் பால் பானம் விற்கும் கடை திறந்தார். 'மில்க் பார்' என்று ஆஸ்திரேலியா தன்னுடையதாகவே நினைக்கும் கடை வகை அதிலிருந்து நாடெங்கும் பரவியது. போருக்குப் பின் 1948இல் மால்டாவோடும் 1951இல் இத்தாலியோடும் குடியேற்ற ஒப்பந்தங்கள் வந்தன. ஹோல்ராய்ட், ஃபேர்ஃபீல்ட் வட்டாரத்தின் காய்கறித் தோட்டங்களிலும் கோழிப் பண்ணைகளிலும் பழக் கடைகளிலும் மால்டாக்காரரும் இத்தாலியரும் உழைத்தார்கள். சட்டமும் இதற்கு ஒருவகையில் இடம் தந்தது. 1980கள் வரை நியூ சவுத் வேல்ஸில் பெரிய கடைகள் சனிக்கிழமை நண்பகலோடு கதவடைத்தன. சிறு கடைகளுக்கு விலக்கு இருந்தது. ஞாயிறு காலையில் ரொட்டியோ இரவில் பாலோ வேண்டுமென்றால் குடியேறியவர் கடைக்குத்தான் போக வேண்டும். குடும்பமே கூடி நின்று நீண்ட நேரம் திறந்து வைப்பதுதான் அவர்களின் முதல். வங்கி தராத கடனை அவர்கள் தூக்கத்திலிருந்து எடுத்தார்கள்.

1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டபின் கிரான்வில், மெரிலேண்ட்ஸ், கில்ஃபோர்ட் பக்கம் லெபனான் குடும்பங்கள் வந்து நிறைந்தன. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பின்னும், அதைத் தொடர்ந்த போர்களிலும், ஆப்கானியர் வந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஆப்கானியர் புதியவர்கள் அல்லர் என்பதையும் நினைக்க வேண்டும். 1860இன் பர்க்–வில்ஸ் ஆய்வுப் பயணத்துக்கு ஒட்டகங்களோடு வந்தவர்கள் முதல், பாலைவனத்துக்குச் சரக்கு சுமந்த ஒட்டகக்காரர்களை இந்த நாடு 'கான்' என்றே அழைத்தது. அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் ரயில் இன்றும் அந்தப் பெயரைத் தாங்குகிறது. மெரிலேண்ட்ஸில் ஓர் ஆப்கான் ரொட்டிக் கடையின் வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் கைமாற்றம் என்பது என்னவென்று புரியும். உருட்டி வைத்த மாவை ஒருவர் நீளமாக இழுக்கிறார்; ஈரமான விரல் நுனிகளால் அதன் மேல் வரிவரியாகப் பள்ளம் போடுகிறார்; எள்ளும் கருஞ்சீரகமும் தூவி அடுப்புக்குள் அனுப்புகிறார். அந்தப் பள்ளங்கள் அலங்காரத்துக்கு மட்டுமல்ல. ரொட்டி கண்டபடி உப்பாமல் சீராக வேக அவை வேண்டும். இந்தக் கை வேலையை எந்தச் சுவரிலும் பதிக்க முடியாது. ஒருவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் கற்றால்தான் உண்டு. கொஞ்ச தூரத்தில் லெபனான் அடுப்பில் எள்ளும் காட்டுத் தைம் இலையும் ஒலிவ எண்ணெயும் தடவிய மனூஷ் வேகிறது. அந்தக் கடைகளின் அலமாரியில் இருக்கும் மைசூர்ப் பருப்பையும் கடலையையும் ஏலக்காயையும் தமிழ் வீடுகளும் வாங்குகின்றன. சமையல் வேறு, சரக்கு ஒன்று. ஒரு சமூகம் கட்டி வைத்த சரக்கு வழியில் அடுத்த சமூகமும் நடக்கிறது.

தமிழர் கதை இந்தச் சங்கிலியில் ஒரு தனிக் கண்ணி. ஈழத்தமிழரிடம் நூறாண்டுக் கடையைக் காட்டுங்கள் என்று கேட்பதே கொடுமை. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணத்தில் நூலகத்தோடு கடைகளும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. 1983 ஜூலையில் கொழும்பு புறக்கோட்டையில் தமிழர் கடைகள் வரிசை வரிசையாகக் கொளுத்தப்பட்டன. கணக்குப் புத்தகமும் பற்று வரவும் தராசும் சாம்பலான பின் கையில் மிஞ்சியது தொழில் ஞானம் மட்டுமே. வறுத்த மிளகாயும் மல்லியும் எந்த அளவில் சேர்ந்தால் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஆகும், ஒடியல் மா எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், பனங்கட்டியை எப்படிக் கெடாமல் வைப்பது என்பவை அந்த ஞானம். அது ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று மேற்கு சிட்னியில் சிறு பலசரக்குக் கடைகளாக முளைத்தது. மெரிலேண்ட்ஸை ஒட்டிய மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் 1999இல் குடமுழுக்குக் கண்டது. கோயிலுக்கு வருகிறவர்கள் வெற்றிலையும் தேங்காயும் கற்பூரமும் வாங்க இந்தக் கடைகளையே நம்பினார்கள். அருகிலுள்ள ஹாரிஸ் பார்க் இன்னொரு சாட்சி. லெபனான் அன்னை பேராலயத்தைச் சுற்றி லெபனான் மக்கள் வாழ்ந்த பகுதியில் பிறகு இந்தியக் கடைகளும் உணவகங்களும் வந்தன. அதன் கடைத்தெரு இப்போது 'லிட்டில் இந்தியா' என்று அழைக்கப்படுகிறது. பேராலயம் அங்கேயே இருக்கிறது. கை மாறியதே தவிர, தெரு அறுந்துவிடவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இருநூறு ஆண்டு ஒரே வாசலில் நின்ற கடையையும் முப்பது ஆண்டில் மூன்று பெயர் மாறிய கடையையும் ஒரே சொல்லால் அழைத்தால் 'பழைமை' என்ற சொல்லுக்கே மதிப்புப் போய்விடாதா? ஒரே வாசலில் நிலைத்த கடைக்குத் தனி அருமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலைப்புக்கு உள்ளேயும் கைமாற்றம்தான் இருக்கிறது. மெல்போர்னின் பெல்லெக்ரினிஸ் காப்பிக் கடையைப் பாருங்கள். 1954இல் பெல்லெக்ரினி சகோதரர்கள் அதைத் தொடங்கினார்கள். 1974இல் சிஸ்டோ மலஸ்பினாவும் அவர் கூட்டாளியும் வாங்கினார்கள். புது உரிமையாளர்கள் பெயரையும் அமைப்பையும் காப்பி போடும் முறையையும் அப்படியே ஏற்று நடத்தினார்கள். 2018 நவம்பரில் கடையருகே நடந்த தாக்குதலில் மலஸ்பினா கொல்லப்பட்டபோது விக்டோரியா மாநிலம் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. அந்தக் கடையை விலைக்கு வாங்கிய குடியேறி ஒருவருக்காக ஒரு நகரமே அழுதது. பெல்லெக்ரினி ரத்தம் அவரிடம் இல்லை என்பதால் யாரும் கடையின் வயதைக் குறைத்துக் கணக்கிடவில்லை. அங்கே ஒப்புக்கொள்ளும் நியாயத்தை மெரிலேண்ட்ஸுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சிறு கடை என்றால் அன்பும் கொசுறும் மட்டுமா? மனைவிக்கும் பிள்ளைக்கும் கூலி கிடையாது; பள்ளிப் பாடம் கல்லாவுக்கு அடியில் நடக்கும்; பற்று எழுதிக் கொடுப்பது சில இடங்களில் கடனாளியாக்கும் கண்ணியும் ஆகும். ஊரில் என்றால் சாதியும் சேர்ந்துகொள்ளும்: யார் திண்ணையில் உட்காரலாம், யாருக்குத் தனிக் குவளை என்று கடைகளே காவல் காத்த காலம் உண்டு. இவை எல்லாம் உண்மை. இவற்றை மறைத்துப் பழைய கடையைப் பாடுவது பொய்யாகிவிடும். ஆனால் இந்தக் குறைகளைத் திருத்தியதும் பல சமயம் கடைத்தெருவே. ஒதுக்கிவைக்கப்பட்ட நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து மகமை என்று ஒரு சிறு பங்கைப் பொதுவில் ஒதுக்கி, பேட்டைகளும் பள்ளிக்கூடங்களும் கட்டினார்கள். கோயில் கதவு மூடியிருந்த காலத்தில் கடை வாசலே அவர்களுக்கு ஏணியானது. குடியேறியவருக்கும் அப்படித்தான். தாய்நாட்டில் படித்த படிப்புக்கு இங்கே மதிப்பில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவர், யாரும் முதல் வேலை தராதவர் என்று எல்லாருக்கும் முதலில் திறந்த கதவு ஒரு சிறு கடையின் கதவு. உழைப்புச் சுரண்டலைச் சட்டம் தடுக்கட்டும். அதற்காக ஏணியை உடைக்க வேண்டாம்.

மூன்றாவது மறுப்பு சந்தையின் பெயரால் வருகிறது. மக்களுக்கு வேண்டுமென்றால் கடை நிற்கும். வேண்டாமென்றால் போகட்டும் என்பார்கள். வாங்குகிறவர்கள் மட்டும் தீர்மானிப்பதாக இருந்தால் இதை ஏற்கலாம். ஆனால் வாடகை தீர்மானிக்கிறது. மேற்கு சிட்னியில் பேரங்காடியே ஒரு சிறு கடையிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பேரழிவிலிருந்து தப்பி வந்த பிராங்க் லோவியும் ஜான் சாண்டர்ஸும் பிளாக்டவுன் ரயில் நிலையம் அருகே ஓர் உணவுப்பொருள் கடை நடத்தினார்கள். அங்கிருந்து வளர்ந்து 1959இல் பிளாக்டவுனில் முதல் வெஸ்ட்ஃபீல்ட் பேரங்காடியைக் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த மலிவான முதல் வாசல் இன்று வருகிறவருக்குக் கிடைக்குமா? நியூ சவுத் வேல்ஸின் 1994ஆம் ஆண்டுச் சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டம் கடைக்காரருக்குக் குறைந்தது 5 ஆண்டுக் குத்தகையை உறுதி செய்திருந்தது. 2017இல் வந்த திருத்தம் அந்த உறுதியை எடுத்துவிட்டது. மெரிலேண்ட்ஸ் நிலையத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் உயரும் இந்தக் காலத்தில் குத்தகைக் காலம்தான் கடையின் ஆயுள். இத்தாலிய அனுபவமும் இதையே எச்சரிக்கிறது. காஃபே கிரெக்கோவின் அறைகளை அரசு 1953 முதல் சட்டத்தால் காக்கிறது. இருந்தும் 2017இல் குத்தகை முடிந்ததும் கட்டட உரிமையாளரோடு நீண்ட வழக்கு மூண்டது. சுவரைக் காத்த சட்டத்தால் அடுப்பைக் காக்க முடியவில்லை. ஹோல்ராய்டிலும் பழைய செங்கல் ஆலையின் புகைபோக்கியும் சூளையும் மாநில மரபுப் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே செங்கல் அறுத்த கைகளுக்குப் பட்டியல் இல்லை.

வழி இல்லாமலில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015இல், 30 ஆண்டு நிறைந்து அக்கம்பக்கத்தின் அடையாளமாகிவிட்ட கடைகளுக்குப் பட்டியல் தொடங்கியது. அப்படிப்பட்ட கடைக்கு 10 ஆண்டுக் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கு ஊக்கத்தொகை தரவும் வழி செய்தது. அவர்கள் முகப்பைப் பார்க்கவில்லை, குத்தகையைப் பார்த்தார்கள். கம்பர்லேண்ட் நகராட்சியும் இதைச் செய்யலாம். பணம் எங்கே என்று கேட்டால், மகமை என்ற பழைய ஏற்பாடு நம்மிடமே இருக்கிறது: புதிதாக எழும் ஒவ்வொரு கோபுரமும் அது எழும் தெருவின் சிறு கடைகளுக்காகக் கொஞ்சம் ஒதுக்கட்டும். ஆனால் பட்டியல் எழுதும்போது பெயர்ப் பலகையை மட்டும் எழுதினால் போதாது. தமிழ்நாட்டில் நிலம் வாங்குகிறவர் இன்றைய உரிமையாளரின் பெயரோடு நிறுத்த மாட்டார். தாய்ப் பத்திரத்தைக் கேட்பார், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று வரிசையாகப் பார்ப்பார், நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் வாங்கத் தயங்குவார். மெரிலேண்ட்ஸ் வீதியின் ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் அப்படி ஒரு தாய்ப் பத்திரம் எழுதப்பட வேண்டும்: முதலில் கடை வைத்தவர் யார், பிறகு அந்த அடுப்பை மூட்டியவர் யார், எந்தப் போர் அவரை இங்கே கொண்டுவந்தது, யாரிடம் தொழில் கற்றார், யாரிடம் சாவி கொடுத்தார் என்று. அது எழுதி முடிகிற நாளில் இந்தத் தெருவின் வயதை யாரும் பெயர்ப் பலகையில் தேட மாட்டார்கள். இன்றைய கடைக்காரரும் தன் பெயருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டுவைப்பார்.